நானே கேட்டாலும் சொல்லாதீர்கள்

வங்கியின் கார்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பழைய அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். விருப்ப ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. விருப்பம் யாருடையது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் உட்கார்ந்தால் இரண்டு வேலைகள்தான் கிடைக்கும்: ஒன்று, பால் வாங்கி வருவது, இன்னொன்று, இளையவர்களுக்கு அறிவுரை சொல்வது. பால் வாங்கி வந்துவிட்டேன்.

மோசடியைக் கண்காணிக்கும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, எந்தத் திரையில் எந்தப் பொத்தான் என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திரையையும் மாற்றிவிட்டார்களாம், எனக்கு அதில் வருத்தமில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு முற்பகலைப் பற்றி. பயணத்தில் இருக்கும் ஒருவருடைய கிரெடிட் கார்டைத் திருடனிடமிருந்து காப்பாற்றுவது எளிது. உடனே முடக்கிவிட்டால் முடிந்தது. அந்த நேரத்தில் அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் எங்கே நிற்கிறார் என்பதை அறிவதுதான் சிரமம்.

கதை ஒரு மேடையில் தொடங்குகிறது. மேடை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், நெல் கொள்முதல் நிலையத்தின் களம். சம்பா அறுவடைக் காலம். நெல்லைக் குவியலாகப் போட்டுத் தார்ப்பாய் மூடி, எடை போடும் முறைக்காக விவசாயிகள் காத்திருந்தார்கள். அவர்கள் எங்கும் எழுந்து போக முடியாது என்பதால், விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று கிளையிலிருந்து என்னை அழைத்துப் போயிருந்தார்கள். ஒலிபெருக்கி இருந்தது. எனக்கு ஒலிபெருக்கி கிடைத்தால் கொஞ்சம் நிதானம் தவறும்.

பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள், போனில் வரும் ஓடிபியைச் சொல்லாதீர்கள், பிறந்த தேதியைக்கூடச் சொல்லாதீர்கள், பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று எவன் பேசினாலும் வைத்துவிடுங்கள் என்று முழங்கிக்கொண்டிருந்தேன். குவியல் ஒன்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

"ஐயா, எவனோ கேட்டா சரி. நீங்களே கேட்டா?"

கூட்டம் சிரித்தது. நான் விடுவேனா?

"நானே கேட்டாலும் சொல்லாதீங்க!"

கை தட்டினார்கள். அத்தனை ஆண்டுப் பணியில் நான் பேசி மற்றவர்கள் கை தட்டிய இரண்டு தருணங்களில் அது ஒன்று. மற்றது என் பிரிவு உபசார விழா. தேநீர் குடித்துவிட்டு, பெரியவரைப் பற்றி விசாரித்தேன். பெயர் வைரக்கண்ணு. சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று சாகுபடி. மகன் சிங்கப்பூரில். மகன் அனுப்பியதைக் கிளையில் வைப்புத் தொகையாகப் போட்டிருந்தார். அதை ஈடாக வைத்து நம் கிளைக்காரர்களே அவர் கையில் ஒரு கிரெடிட் கார்டைத் திணித்திருந்தார்கள். அவர் அதை அதுவரை உறையிலிருந்து எடுத்தது அபூர்வம்.

அதற்கடுத்த மாதம் அவரும் மனைவி தனபாக்கியமும் ஒரு யாத்திரைக் குழுவோடு காசிக்குக் கிளம்பினார்கள். அறுப்புக்கு முன்பே வயலில் உளுந்து தெளித்தாயிற்று. அது பனியிலேயே வளர்ந்துகொள்ளும். வீட்டில் ஒரு சினைப்பசு நாளை எண்ணிக்கொண்டிருந்தது. அதை மருமகள் ரேவதி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

இப்போது நம் டெல்டாக்காரர்கள் வடக்கே போவதற்கு முன் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் வீட்டிலும் இதுதான் நடக்கும். வடக்கே திருட்டு அதிகம் என்பது நம் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே கழுத்தில், காதில் இருப்பதைக் கழற்றி, மஞ்சள் கயிற்றோடு கிளம்புவார்கள். மகன் வாங்கிக் கொடுத்த நல்ல செல்போனையும் நகையோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். பீரோச் சாவி வீட்டம்மாவின் இடுப்பில் காசிக்குப் போகும். வைரக்கண்ணு தம்பதியும் அப்படியே செய்தார்கள். திருடன் எடுக்க எதுவும் இல்லை என்று நிம்மதியாக ரயில் ஏறினார்கள்.

வங்கியில் பதிவாகியிருந்த எண், பீரோவுக்குள் போன போனின் எண். நாம் அனுப்பும் ஒவ்வொரு எச்சரிக்கையும் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் ஒலித்துக்கொண்டிருக்கும். கிளம்புவதற்கு முன் போனையும் கூடவே எடுத்துப் போங்கள் என்று என் முழக்கத்தில் நான் சொல்லவில்லை. அப்படிப் பூட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் அம்மா பூட்டுவதை நான் பார்த்திருந்தும்கூட.

அந்த முற்பகல் தஞ்சாவூரில் எங்கள் மாடி அறையில் வழக்கம் போலத் தொடங்கியது. முதலில் ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் வைரக்கண்ணுவின் கார்டில் மிகச் சிறிய தொகை போயிற்று. ஆற்றில் இறங்குகிறவன் காலை விட்டு ஆழம் பார்ப்பது போல, திருடர்கள் முதலில் இப்படித்தான் பார்ப்பார்கள். பின்னாலேயே பெரிய தொகைகள் வரிசையாக வந்தன. வெளிநாட்டுக் கடைகள் பல ஓடிபி கேட்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இயந்திரம் விழித்துக்கொண்டு கார்டை முடக்கிவிட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினோம். திருடன் தோற்றான், காபி வந்தது.

காபி ஆறுவதற்குள் அதே கார்டு மறுபடி திரையில் வந்தது. இம்முறை காசியில், ஸ்வைப் மெஷினில், சரியான பின் நம்பரோடு. முடங்கிய கார்டு என்பதால் மெஷின் மறுத்தது. மீண்டும் முயன்றார்கள். மீண்டும் மறுத்தது. கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெயர் இருந்தது.

நான் காபியைக் கீழே வைத்தேன்.

விதி தெளிவாக இருந்தது. மோசடி முயற்சி நடந்த கார்டைத் திறக்க வேண்டுமானால், பதிவான எண்ணில் வாடிக்கையாளரே பேசி, கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். பதிவான எண்ணை அழைத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கிற போனை எடுக்காத வாடிக்கையாளர்மேல் எரிச்சல் வருவது நம் தொழில் நோய். எனக்கும் வந்தது.

எங்கள் பிரிவுத் தலைவி அப்போது கும்பகோணத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அதிகம் பேசாதவர், பேசினால் மறுநாள்தான் புரியும். அழைத்து விவரம் சொன்னேன். திருடனே கார்டைத் திருடி மருத்துவமனையில் தேய்க்கிறானோ என்ற என் ஐயத்தையும் சொன்னேன்.

"திருடன் ஆஸ்பத்திரியில என்னங்க வாங்குவான், படுக்கையா?" என்றார்.

"விதிப்படி திறக்க முடியாதுங்களே மேடம்."

"விதிப்படி முடியாது. திறக்கிற அதிகாரம் உங்ககிட்ட இருக்கு. அந்த ஆள் யாருன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சா திறங்க. காரணத்தை மட்டும் திறக்கிறப்பவே எழுதிடுங்க. அப்புறம் யோசிச்சு எழுதினா அது காரணம் இல்ல, சாக்கு."

வைத்துவிட்டார். எனக்குப் பக்கபலமாக இருப்பார் என்று அழைத்தேன். முடிவை என் மடியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதுதான் பக்கபலம் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

உடனே கிளையை அழைத்தேன். அங்கே அலுவலர் பாரூக். அதிராம்பட்டினத்துக்காரர். கிளைக்கு உட்பட்ட கிராமங்களில் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வைரக்கண்ணு வீட்டுக்கு நேரில் போய், அங்கிருந்து பேசச் சொன்னேன்.

"என்ன சார் விஷயம்?"

"போங்க, போய்ட்டுப் பேசலாம்."

"போற வழியிலயே யோசிச்சுக்கிட்டு விழுந்துடுவேன் சார், சொல்லிடுங்க."

சொன்னேன்.  வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

இதற்கிடையில் மருத்துவமனையின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். என் இந்தி ரயில் நிலைய அறிவிப்புகளில் கற்றது. "யாத்ரிகண் க்ருபயா த்யான் தேம்" என்பதற்கு மேல் போகாது. எதிர்முனையில் இருந்தவரை நான் எத்தனை முறை தயவுசெய்து கவனிக்கச் சொன்னேனோ தெரியவில்லை. பொறுமையிழந்து வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார். அந்த யாரோ ஒரு மலையாள நர்ஸ். உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் ஒரு மலையாள நர்ஸ் இருப்பார் என்பது, கடவுள் இருக்கிறார் என்பதைவிட எளிதாக நிரூபிக்கக்கூடிய உண்மை.

"தமிழ் கொஞ்சம் அறியும், சொல்லு சாரே."

சொன்னேன். அவர் குரல் மாறியது. "ஆமா, இருக்கு. ஒரு வயசான அப்பாவும் அம்மாவும். அம்மைக்கு நெஞ்சு வலி. ஊசி போட்டு பெஞ்சில இருத்தியிருக்கு. அட்வான்ஸ் கெட்டாம ஐசியுவில எடுக்க மாட்டாங்க. கார்டு போகல்ல." கொஞ்சம் நிறுத்தி, "சீக்கிரம் வேணும் சாரே," என்றார்.

பிறகு தெரிந்துகொண்டது: தனபாக்கியத்துக்குக் காலையிலிருந்தே உடம்பு சரியில்லை என்பதால் குழுவோடு ஊர் சுற்றப் போகாமல் இருவரும் விடுதியிலேயே தங்கியிருக்கிறார்கள். வலி கூடியதும் வைரக்கண்ணு அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். பட்டன் போன் விடுதிச் சுவரில் சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் இருந்தது, சட்டைப் பையில் கொஞ்சம் ரொக்கமும் அந்தக் கார்டும்.

நர்ஸ் போனைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார்.

"ஐயா, வைரக்கண்ணுங்களா? நான் தஞ்சாவூர்லேர்ந்து பேசுறேங்க. பேங்க்லேர்ந்து."

 "எந்த பேங்க்?"

சொன்னேன்.

"எல்லாப் பயலும் அதான் சொல்லுவான்."

"ஐயா, உங்க கார்டு மெஷின்ல போகலைல்ல? அத நிறுத்தி வச்சது நாங்கதாங்க. எவனோ உங்க கார்டுல வெளிநாட்டுலேர்ந்து பணம் எடுக்கப் பாத்தான். நான் இப்பத் தெறந்து விடுறேன். நீங்கதானான்னு மட்டும் தெரியணும். உங்க பொறந்த தேதி சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஐயா, அவசரங்க..."

"அவசரம்னு சொல்லித்தான் கேப்பான்னு சொல்லியிருக்காங்க. எங்க ஊரு கொள்முதல் நெலையத்துக்கே வந்து ஒரு ஐயா மைக்குல சொல்லிட்டுப் போயிருக்காரு. யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு."

"அந்த ஐயா நான்தாங்க!"

"நீயா? அவரே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுட்டுதான்டா போயிருக்காரு!"

நண்பர்களே, என் பேச்சை ஒரு மனிதர் எழுத்துப் பிசகாமல் நினைவில் வைத்திருந்தார். பேச்சாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?  அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். மனைவி பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, கார்டு மறுக்கப்பட்ட அந்த நிமிடத்தில், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒருவன் அழைத்து, எல்லாவற்றையும் சரிசெய்கிறேன், நீ யார் என்று சொல் என்கிறான். நான் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் திருடன் பேசும் வாக்கியம்தான்.

"எம் பொஞ்சாதி இங்க மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு கெடக்கா. இப்பவும் வந்து திருடுறியே, உனக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?" என்றார்.  போன் நர்ஸ் கைக்குத் திரும்பிவிட்டது.

"என்ன சொல்லிச்சு சாரே? அப்பா அழுகுது."

"போனை வச்சுடாதீங்க சிஸ்டர். ஒரு நிமிஷம் அப்படியே புடிச்சுக்குங்க."

அந்த ஒரு நிமிடத்தில் என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். திறந்துவிடலாமா? அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது நிச்சயமாகுமா? கொள்முதல் நிலையக் கதை அவருக்குத் தெரிந்திருக்கிறது. களத்தில் இருந்த எல்லோருக்கும்தான் தெரியும். என்னை அவர் நம்ப வேண்டும். அவரை நான் நம்ப வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு கம்பி. திருடனும் அதே கம்பியில்தான் வருவான். நான் எந்தக் கேள்வி கேட்டாலும் அது அவருக்குச் சூதாகத் தெரியும். நான் எந்த விவரத்தைச் சொன்னாலும் அதை ஒரு திருடனிடம் சொல்லிவிட்ட குற்றம் என் தலையில். என் பயிற்சி முழுவதும் ஒருவருக்கொருவர் அந்நியரான இரண்டு பேருக்கு எழுதப்பட்டது. அந்நியர் என்பதையே மாற்றினால் ஒழிய வழியில்லை.

அப்போது பாரூக்கின் அழைப்பு வந்தது.

"சார், வீட்டு வாசல்ல நிக்கிறேன். உள்ள பீரோவுல போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சாம். சாவி அத்தைகிட்ட இருக்குங்குது இந்தப் புள்ள. பட்டன் போனுக்குப் போட்டுப் பாத்துச்சாம், எடுக்கலையாம். பயந்து போயிருக்கு."

"ரேவதிகிட்டக் குடுங்க பாரூக். அப்படியே நானும் கேட்பேன், காசியும் கேட்கும்."

மூன்று முனைகளையும் ஒன்றாக இணைத்தேன். நர்ஸிடம், போனை மறுபடி அவர் காதில் வைக்கச் சொன்னேன்.

"மாமா! நான் ரேவதி மாமா. அத்தைக்கு என்ன மாமா?"

ரேவதியே தொடர்ந்தார்.

"மாமா, பேசுறவரு நெசமாவே நம்ம பேங்க்குக்காரருதான் மாமா. பாரூக் அண்ணன் நம்ம வாசல்ல நிக்கிறாரு."

"ஐயா, பாரூக் பேசுறேங்க, நம்ம பிராஞ்ச் பாரூக்," என்று அவர் குரலும் கேட்டது.

 பிறகு வைரக்கண்ணு கேட்டார்:

"கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சு மாமா. கெடேரி. நெத்தியில வெள்ளை விழுந்திருக்கு."

"எந்திரிச்சு நின்னுச்சா?"

"நின்னு பாலும் குடிச்சுடுச்சு மாமா."

எங்கள் அறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள்.  வாடிக்கையாளரை அடையாளம் காண எத்தனை கேள்விகளை நாம் தயாரித்து வைத்திருக்கிறோம்! தாயின் பெயர், பிறந்த தேதி, கடைசியாகச் செய்த பரிவர்த்தனை. அத்தனையும் திருடனுக்கும் கிடைக்கும். பசு கன்று போட்டதா என்பது எந்தத் திருடனுக்கும் கிடைக்காது. கிழவர் என்ன சாமர்த்தியமாகச் சோதிக்கிறார் என்று வியந்தேன்.

"சரி," என்றார் வைரக்கண்ணு. "அந்த ஆளு என்ன கேக்கணுமோ கேக்கச் சொல்லு."

"ரேவதி, இது உங்க மாமா குரல்தானேம்மா?"

"ஆமாங்க. எங்க மாமாதாங்க."

முறைக்காகப் பிறந்த தேதியைக் கேட்டேன். "ஆடி மாசம், பூச நட்சத்திரம்," என்றார். எங்கள் பதிவில் ஜூன் மாதத் தேதி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்த நாள். முதலிலேயே அவர் என்னை நம்பிப் பதில் சொல்லியிருந்தால், தவறான பதில் என்று விதிப்படி நான் அவரை நிராகரித்திருப்பேன்.

ஒரு கார்டுக்குப் பல கதவுகள் உண்டு என்று பயிற்சியில் படிப்பீர்கள். வெளிநாட்டுக் கதவை மூடினேன். இணையக் கதவை மூடினேன். பணம் எடுக்கும் இயந்திரக் கதவையும் மூடினேன். உள்நாட்டு ஸ்வைப் மெஷின் ஒன்றை மட்டும் திறந்தேன். திருடனிடம் இருந்தது கார்டின் எண்கள் தெரியும் படம் மட்டும்தான். கார்டும் பின் நம்பரும் இவர் கையில். காரணம் எழுத வேண்டிய இடத்தில், "வாடிக்கையாளரை அவர் மருமகள் குரலால் அடையாளம் காட்டினார், மனைவி அவசர சிகிச்சையில்" என்று எழுதினேன். அப்படி ஒரு வாக்கியம் அந்தத் திரையில் அதற்கு முன் ஏறியிருக்காது.

"இப்பப் போடச் சொல்லுங்கய்யா."

திரையில் மருத்துவமனையின் பெயர் வந்தது. ஒப்புதல் என்று விழுந்தது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது நம் வங்கி ஆண்டு மலருக்கு ஏற்ற கதை. பாராட்டுக் கடிதம்கூட வந்தது. தணிக்கையாளர் மட்டும், மருமகள் குரல் என்பது அங்கீகரிக்கப்பட்ட ஆவணங்களில் எந்த வகை என்று கேட்டார். அதற்குப் பிரிவுத் தலைவி பதில் எழுதிக்கொண்டார். தனபாக்கியம் அம்மாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் இருந்து, காசியிலேயே காலமானார். பாரூக்தான் சொன்னார். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டு மாசியில் வைரக்கண்ணுவே எங்கள் மாடி அறைக்கு வந்தார்.  மனைவிக்குத் திதி கொடுக்கக் காசிக்குப் போகிறாராம். போவதற்கு முன் கார்டில் எதை எதை மூட வேண்டும் என்று கேட்டுப் போக வந்திருந்தார். நல்ல செல்போன் சட்டைப் பையில் இருந்தது.

உட்காரச் சொன்னேன். கார்டின் படம் திருடனுக்கு எப்படிப் போயிருக்கும் என்று மெல்லக் கேட்டேன். மருமகளுக்குப் புடவை எடுத்த கடை என்றார்.

"மெஷின் உள்ள இருக்குன்னு கார்டை வாங்கிக்கிட்டு உள்ள போனான் சார். அப்புறம் மெஷினைக் கொண்டாந்து நீட்டினான். நான் துண்டைப் போட்டு மூடிக்கிட்டுதான் நம்பரை அமுக்கினேன். மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெல பேசினவன் நான். எவன் பாக்க முடியும்?"

"நம்பரைப் பாக்கலைங்க. கார்டு உள்ள போச்சே, அப்பவே முன்னும் பின்னும் படம் எடுத்திருப்பான்."

"ம்." கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். "கார்டு கண்ணை விட்டுப் போகக் கூடாது. அப்படித்தானே?"

"அவ்வளவுதாங்க."

மூடவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி மூடினேன். பதிவான எண்ணோடு ரேவதியின் எண்ணையும் குறித்துக்கொண்டேன். அவரைத் தேற்றுவதாக நினைத்து, "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களேய்யா, கன்னு போட்டுச்சான்னு. எங்க ஆபீஸ்ல இன்னைக்கும் பேசுறோம். அப்படி ஒரு சோதனை எங்களுக்கே தோணாது," என்றேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

"சோதனையா? நான் எங்க சார் சோதிச்சேன். ரேவதி கொரலைக் கேட்டதுமே நம்பிட்டேன். எம் பொஞ்சாதிதான் விடிஞ்சதுலேர்ந்து கன்னு போட்டுச்சா, கன்னு போட்டுச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. போன் கையில வந்துச்சே, கேட்டுச் சொல்லுவோம்னு கேட்டேன்."

 அவர் மேலும் சொன்னார்.

"மொத தடவ மெஷின்ல போகலன்னதும் கவுன்டர்ல இருந்தவன் கார்டைத் தூக்கி மேசையில போட்டான் சார். பின்னால நின்னவன்லாம் என்னையே பாக்குறான். அவ பெஞ்சுலேர்ந்து பாத்துக்கிட்டு இருந்தா. எந்திரிச்சு நடந்து எங்கிட்ட வந்துட்டா. 'எனக்கு வலி விட்டுடுச்சுங்க, வாங்க ரூமுக்குப் போவலாம்'னா. வலியெல்லாம் விடல. எனக்குக் கேவலமாயிடக் கூடாதுன்னு எந்திரிச்சு வந்துட்டா."

 திருடன் தோற்றான் என்று நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த நடை அந்த அம்மாளின் உயிரைக் குடித்ததா என்று நான் கேட்கவில்லை. எந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்காது. இயந்திரம் அன்று கார்டை முடக்கியது தவறில்லை. நானாக இருந்தாலும் முடக்கியிருப்பேன். நீங்களும் முடக்குங்கள். ஆனால் முடக்கிய கையோடு காபியை எடுக்காதீர்கள். நம் திரையில் சிவப்பாக ஒரு வரி விழும் நேரத்தில், ஏதோ ஓர் ஊரில், மொழி தெரியாத ஒரு கவுன்டரில், எந்தத் தப்பும் செய்யாத ஒருவர் திருடனைப் போல நிற்கத் தொடங்குகிறார். அவர் யாரோடு வந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. உடனே ஆளைத் தேடுங்கள். போனை எடுக்காவிட்டால் வீட்டைத் தேடுங்கள். வீட்டுக்கு வழி தெரியாவிட்டால், வழி தெரிந்த ஒரு பாரூக்கைத் தேடுங்கள்.

கடைசியாக, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற வரம்பை வைக்க வேண்டியிருந்தது. பயணம் போகிறவர்களிடம் அதைக் குறைத்து வைக்கச் சொல்வது நம் வழக்கம். திருடு போனாலும் இழப்பு குறையும்.

"வரம்பு எவ்வளவு வைக்கலாம்யா?"

"கொஞ்சமா வைங்க சார்," என்றார் வைரக்கண்ணு. "இந்தத் தடவ நான் ஒருத்தன்தானே."

விசைப்பலகையில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன்.

"நீங்களும் ஒரு ஆளுதானேங்க," என்றேன்.

 வரம்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.